சிலந்தியும் நெசவாளியும்

வீட்டு மூலையிலே வலை பின்னும் சிலந்தியை மனிதன் துடைப்பத்தால் அகற்றுகின்றானேயன்றி, அதன் தொழிலைப் பற்றிச் சிந்திப்பது அரிது. எனினும், உழைப்புக்கும் உழைப்போனுக்குமுள்ள உறவு யாது என ஆராயப் புகுவோர்க்கு இச்சிற்றுயிர் ஓர் உரைகல்லாகும்.

ஜேர்மனிய அறிஞர் கார்ல் லூட்விக் கோக் 1841ஆம் ஆண்டில் விபரித்த வீட்டுச்சிலந்தி இனம், உலகின் பல பாகங்களிலும் மனிதனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றது. பெண்சிலந்தியின் உடல் ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீளமானது. உருண்ட வயிறும் கபிலநிறப் புள்ளிகளும் உடையது. ஆண் அதனினும் சிறியது. கண்கள் எட்டு இருந்தும் பார்வை கூர்மையற்றது. இழைகளின் அதிர்வே அதற்கு உலகை உணர்த்துகின்றது. அதன் வலை ஒழுங்கற்ற சிக்கலாகவே தோன்றும். ஆயின், அதிலிருந்து கீழிறங்கும் விறைத்த இழைகளின் அடிமுனையிலே பசைத்துளிகள் உள்ளன. ஊர்ந்துவரும் பூச்சி பட்டதும் இழை நிலத்தினின்று விடுபட்டுச் சுருங்க, பூச்சி அந்தரத்திலே தொங்குகின்றது. இரை அகப்படாத இடத்தைக் கைவிட்டு, வேறிடத்தில் வலை பின்னுவதுமுண்டு.

இத்திறன் கற்றுப் பெறப்பட்டதன்று, இயல்பூக்கத்தால் வாய்த்தது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்திலே கார்ல் மாக்ஸ் சிலந்தியின் செயலை நெசவாளியின் தொழிலோடு ஒப்புநோக்கினார். செய்பொருளை முன்னரே மனத்தில் உருவாக்கிக்கொள்வதே மனித உழைப்பின் சிறப்பு என்பது அவர் கருத்து.

இதனை ஏற்பின் பிறிதொரு வினா எழுகின்றது. எதனை நெய்வது, எவருக்காக நெய்வது என்னும் தீர்மானங்கள் யாவும் பிறரிடமிருக்க, பொறியின் வேகத்திற்கேற்பக் கையசைக்கும் ஆலைத் தொழிலாளியின் நிலை யாது? திட்டமிடும் ஆற்றல் அவனிடமுண்டு. அதற்கு அங்கு இடமில்லை. சிலந்திக்குத் திட்டமில்லை, ஆயினும் வலையும் அதனுடையது, இரையும் அதனுடையது.

தொழிற்பிரிவினையின்றிப் பெருந்தொழில் நடவாது என்பர். அது மெய்யே. எனினும், வேலையைப் பகிர்தல் வேறு. சிந்தனையை ஒருசாராருக்கே உரியதாக்குதல் வேறு. பிறர் தந்த குறிப்புகளை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் கல்விக்கும் இது பொருந்தும். அங்கும் கைதான் இயங்குகின்றது, கருத்து இயங்குவதில்லை.

ஆதலின், மனிதன் சிலந்தியினும் உயர்ந்தவன் என்னும் கூற்று பிறப்பினால் மட்டும் மெய்யாவதன்று. உழைப்போன் தன் உழைப்பின் நோக்கத்தை வகுப்பதிலும் பங்குபெறும் சமுதாயத்திலேயே அது மெய்ப்படும்.