ஆட்சேபம் இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

"படித்து முடித்ததும் திரும்பி வருவேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளிநாடு போன ஒருவர், பிறகு "வராமல் இருக்க அனுமதி கொடுங்கள்" என்று கேட்பது தர்மமா? சட்டம் சரி என்று சொல்லிவிட்டால் மனசாட்சியும் சரி என்று சொன்னதாக ஆகிவிடுமா?

இந்தக் கேள்வி எங்கள் வட்டார இளைஞர் சந்திப்பு ஒன்றில் கிளம்பியது. நாங்கள் எல்லாரும் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு மூத்த ஓர் அண்ணன், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், பரிமாற்ற வருகையாளர் விசாவில் அமெரிக்காவுக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். அங்கேயே வேலை கிடைக்கும் நிலை. ஆனால் விதிப்படி முதலில் ஈராண்டு இங்கே வந்து இருக்க வேண்டும். அதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "போனா போகட்டும், இங்க என்ன இருக்கு அவருக்கு?" என்றார்கள் பாதிப் பேர். "அரசாங்கக் காசுல போயிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்றார்கள் மீதிப் பேர். நான் பொறியியல் படிக்கிறேன். நாளைக்கு நானும் இதே வாசலில் நிற்கலாம், இதை வாசிக்கும் நீங்களும் நிற்கலாம். அதனால் பக்கம் சேர்வதற்கு முன்னால் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

முதலில் விதி என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜே-1 என்பது அமெரிக்காவின் பரிமாற்ற வருகையாளர் விசா. அதில் போகும் எல்லாருக்கும் இந்த ஈராண்டு நிபந்தனை கிடையாது. மூன்று வகையினருக்குத்தான் உண்டு. அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ பணம் கொடுத்து அனுப்பியவர்கள் ஒரு வகை. சொந்த நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று வெளியிடப்பட்ட திறன் பட்டியலில் இருக்கும் துறையைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. மேற்படிப்புப் பயிற்சிக்குப் போன மருத்துவர்கள் மூன்றாவது வகை. இவர்கள் மொத்தம் ஈராண்டு சொந்த நாட்டில் இருந்தால்தான் அங்கே எச், எல் வகை வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை; விட்டு விட்டு இருந்தாலும் நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம். கற்றது சொந்த மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம்.

விலக்குக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. முதலாவது, சொந்த நாட்டு அரசு "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று தூதரகம் வழியாகக் கடிதம் கொடுப்பது. மேற்படிப்புப் பயிற்சிக்குப் போன மருத்துவர்களுக்கு இந்த வழி கிடையாது. இரண்டாவது, அமெரிக்க அரசுத் துறை ஒன்று "இவர் எங்களுக்குத் தேவை" என்று கேட்பது. மூன்றாவது, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள கணவன், மனைவி, பிள்ளைக்கு அசாதாரணமான இன்னல் வரும் என்று நிரூபிப்பது. பிரிவுத் துயரம் மட்டும் போதாது. நான்காவது, இனம், சமயம், அரசியல் கருத்து காரணமாகச் சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று காட்டுவது. ஐந்தாவது மருத்துவர்களுக்கானது: அமெரிக்காவிலேயே மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால், ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை விலக்குப் பெறலாம். கான்ராட் 30 என்று அதற்குப் பெயர்.

எங்கள் பேச்சு முழுக்க அந்த முதல் வழியைச் சுற்றித்தான் நடந்தது. அந்தக் கடிதத்தில் அரசு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. இவர் ஈராண்டுக்குத் திரும்பி வராவிட்டாலும் ஆட்சேபம் இல்லை. அங்கேயே நிரந்தரமாகத் தங்கினாலும் ஆட்சேபம் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் கட்டும் விண்ணப்பக் கட்டணம் 120 டாலர். கடிதம் வந்தவுடனே எல்லாம் முடிந்துவிடாது. வெளியுறவுத் துறை பரிந்துரைக்க வேண்டும், பிறகு குடிநுழைவுத் துறை முடிவு செய்யும். சரி, எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடன் தீர்ந்ததா?

சட்டத்தை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் வருகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அந்தத் திறன் பட்டியலைத் திருத்தியது. இந்தியா உட்படப் பல நாடுகள் பட்டியலிலிருந்து நீங்கின. முன்பே போனவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். பட்டியலால் மட்டும் கட்டுப்பட்டிருந்தவர்கள் ஒரே நாளில் விடுபட்டார்கள். முதல் நாள் வரை ஊருக்குக் கடமைப்பட்டிருந்தவர், மறுநாள் காலையில் ஒன்றும் கடமைப்படாதவர் ஆகிவிட்டாரா? சட்டக் கடமை அப்படி மாறலாம். நன்றிக்கடன் அரசிதழைப் பார்த்து மாறுவதில்லை.

இராமாயணத்தில் இப்படி ஓர் ஆட்சேபமில்லாக் கட்டம் வருகிறது. இராமன் காட்டுக்குப் போனது பரதனுக்கு நாடு கிடைப்பதற்காக. அந்தப் பரதனே படை பரிவாரத்தோடு சித்திரகூடம் வந்து, "எனக்கு நாடு வேண்டாம், நீங்கள் வாருங்கள்" என்று அழுகிறான். யாருக்காக நிபந்தனை போடப்பட்டதோ அவனே விட்டுக்கொடுத்துவிட்டான். நம் காலத்து வழக்கில் சொன்னால், ஆட்சேபமில்லைக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இராமன் திரும்பவில்லை. ஏன்? காப்பாற்ற வேண்டிய வாக்கு தசரதனுடையது. தசரதன் இறந்துவிட்டான். அந்த வாக்கைத் தள்ளுபடி செய்யும் உரிமை பரதனுக்கு இல்லை. பலன் பெறுகிறவன் வேறு, விடுவிக்கும் உரிமை உள்ளவன் வேறு. என் மனதில் இந்த இடம்தான் தைத்தது. கையெழுத்துப் போடுகிறவர் உண்மையிலேயே நமக்குக் கடன் கொடுத்தவரா?

"அப்படின்னா என்ன ஆனாலும் திரும்பி வந்தே ஆகணும்னு சொல்றியா?" என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். கட்டுப்பாடு என்ற சொல்லை நம் ஜனங்கள் யோசிக்காமல் உச்சரிக்க முடியாது. நம் கொள்ளுத்தாத்தாக்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக இந்த மண்ணுக்கு வந்தவர்கள். கெடு முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், பிடித்துத் தண்டித்தார்கள். ஒப்பந்த முறையில் புதிதாக ஆள் எடுப்பது 1910இல் நின்றது. அதன் பிறகும் கங்காணியிடம் பட்ட கடன் பலரைக் கட்டிப்போட்டது. 'கடன் அடைக்காமல் இடத்தை விட்டு நகராதே' என்ற வார்த்தை நம் வம்சத்துக்கு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். ஆகவே, கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டுப்பாடு புனிதமாகிவிடாது. அதைத் தெரிந்து, விரும்பி ஏற்றோமா? நிபந்தனை நியாயமானதா? எதிர்த் தரப்பும் தன் பங்கைக் காப்பாற்றியதா? இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி நம் நாட்டில் சும்மா வந்ததல்ல. 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. கோவிட் உச்சத்தில், 2021 ஜூலை 26ஆம் தேதி, ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுக்க வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். 'எங்களைக் கடமைக்கு அழைக்கிறீர்கள், எங்களுக்கு இடம் எங்கே?' என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. திரும்பி வா என்று சொல்கிற நாடு, வந்தவனை உட்கார வைக்க நாற்காலியும் போட வேண்டும். இடம் மறுக்கப்பட்ட ஒருவர் விலக்குக் கேட்டால் அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, இப்போது அந்த இன்னொரு கேள்விக்கு வருவோம். உப்பிட்டவர் யார்?

பெஸ்தாரி ஜெயா அப்போது பத்தாங் பெர்ஜுந்தை. அங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொனியே அதை நட்டார் என்று வரலாறு எழுதுகிறது. குழி வெட்டியவர்கள், களை எடுத்தவர்கள், குலை வெட்டியவர்கள், உதிரிப் பழம் பொறுக்கியவர்கள் பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. பால்மரமும் செம்பனையும் கொண்டுவந்த வருமானம் கஜானாவுக்குப் போனது. கஜானாவிலிருந்து பள்ளிக்கூடமும் உபகாரச் சம்பளமும் வந்தன. ஆக, பொதுச் சேவைத் துறை கொடுத்த பணத்திலும் லயத்து வீட்டு வியர்வை கலந்திருக்கிறது.

பணம் மட்டுமா? கோயில் மண்டபத்தில் ஃபேன் கூட இல்லாமல் மாலை வகுப்பு நடத்திய ஆசிரியர். நாம் எஸ்.பி.எம். எழுதும்போது தன் வீட்டு ரேடியோவைக் குறைத்து வைத்த பக்கத்து வீட்டு அத்தை. பல்கலைக்கழகம் போகும் நாளில் பத்து வெள்ளியைக் கையில் அழுத்திய தாத்தா. நாம் முன்பு எதுவும் செய்யாதிருக்க ஒருவர் நமக்குச் செய்த உதவிக்கு ஈடே இல்லை என்ற கருத்தோடுதான் வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தைத் தொடங்குகிறார். இவர்கள் செய்தது அந்த வகை உதவி. இவர்களுக்கு லெட்டர்ஹெட் இல்லை, முத்திரை இல்லை, தூதரகம் இல்லை. ஆட்சேபம் இருக்கிறதா இல்லையா என்று இவர்களை யாரும் கேட்பதும் இல்லை. அரசு தான் கொடுத்ததைத் தள்ளுபடி செய்யலாம். இவர்கள் கொடுத்ததைத் தள்ளுபடி செய்ய அரசுக்கு உரிமை இல்லை.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் வெளியே வருகிறது. திரும்பி வருவது மட்டுமே கடனைத் தீர்த்துவிடாது. அண்ணன் நாளைக்கே விமானம் ஏறி வந்து, கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் ஈராண்டு உட்கார்ந்துவிட்டு, தோட்டப் பக்கம் எட்டியே பார்க்காமல் மறுபடி போய்விடலாம். விதி நிறைவேறிவிடும். கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்காதவர்கள் எத்தனை பேர்! அரசும் 2011 முதல் டேலண்ட்கார்ப் மூலம், திரும்பி வரும் நிபுணர்களுக்கு ஐந்தாண்டு 15 விழுக்காடு வருமான வரி என்று சலுகை காட்டி அழைக்கிறது. அமெரிக்கச் சட்டம் பிடித்துத் தள்ளுகிறது, நம் அரசு சலுகை காட்டி இழுக்கிறது. இரண்டும் ஆளைக் கொண்டுவரலாம். நன்றியைக் கொண்டுவர இரண்டாலும் முடியாது.

அப்படியானால் விலக்குக் கேட்கலாமா, கூடாதா? என் முடிவு இதுதான்: கேட்கலாம், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு.

ஒன்று, காரணம் உண்மையாக இருக்க வேண்டும். இல்லாத இன்னலை ஜோடிக்கக் கூடாது. துன்புறுத்தப்படுவேன் என்று பொய் சொல்வது அதைவிட மோசம். உண்மையிலேயே உயிருக்குப் பயந்து அந்த வாசலில் நிற்கும் அகதியின் வார்த்தையை அது மலிவாக்கிவிடும்.

இரண்டு, இங்கே உபகாரச் சம்பள ஒப்பந்தம் இருந்தால் அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும். அமெரிக்க விலக்கு வேறு, நம் அரசோடு போட்ட ஒப்பந்தம் வேறு. கட்ட வேண்டியதைக் கட்டினால்தான் அடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். "நம்ம பிள்ளைங்களுக்குக் கொடுத்தா ஓடிப்போயிடுவாங்க" என்ற பேச்சுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

மூன்று, வராத ஈராண்டுக்கு வேறு வடிவில் ஈடு கொடுக்க வேண்டும். கான்ராட் 30 விதியே அப்படித்தான் செய்கிறது: சொந்த நாட்டுக்குப் போகாவிட்டால் வேறோர் இடத்தில் ஏழைக்கு உழைத்துக் கொடு என்கிறது. ஆனால் அந்த உழைப்பு அமெரிக்க ஏழைக்குப் போகிறது. தஞ்சோங் காராங் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் நம் பாட்டிக்கு அதில் பங்கு இல்லை. நம் ஈடு நம்மவருக்கும் வர வேண்டும்.

எவ்வளவு ஈடு? பொறியியல் மாணவன் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 40 மணி நேர வேலை என்றால் ஈராண்டுக்கு 4,160 மணி நேரம். வெளிநாட்டிலிருந்தபடி வாரம் இரண்டு மணி நேரம் இணையத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தால், ஆண்டுக்கு 104 மணி நேரம். ஈடு செய்ய 40 ஆண்டுகள் ஆகும். ஒரு வேலை வாழ்க்கை முழுதும். தீபாவளிக்கு 500 வெள்ளி அனுப்பிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொகையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் யாருக்கும் பெரிய பாரம் இல்லை. விடாமல் செய்வதுதான் கஷ்டம்.

நண்பர்களே, வெளிநாடு போனவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சுலபம். இந்தக் கடன் விமானம் ஏறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் குடிமாறிப் போன நம் எல்லாருக்கும் அது உண்டு. நம்மைத் திரும்பி வரச் சொல்லி எந்த நாட்டுச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் நாம் விலக்கும் கேட்பதில்லை, கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். இன்று இரவு ஒரு தாளில், உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஒருநாளும் வந்து கேட்க மாட்டார்கள். கேட்காத கடனைத் தானாகப் போய்க் கொடுப்பவன்தான் கடமை தெரிந்தவன்.