அம்பலம் ஏறாத சொல்

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது முன்னோர் வாக்கு. நம் பணியிடங்களில் இப்பழமொழி இன்றும் உயிரோடிருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் எழுத்தர் ஒருவர் நல்லதொரு கருத்தைச் சொல்கிறார், எவரும் செவிகொடுப்பதில்லை. சற்று நேரத்தில் மேலாளர் அதையே சொல்கிறார்; எல்லாரும் தலையசைக்கின்றனர். சொல் ஒன்றே, சொன்ன வாய்தான் வேறு. ‘உரக்கப் பேசு, துணிந்து பேசு’ என எழுத்தருக்கு அறிவுரை கூறுவோர் பலர். ஆனால், ஒருவர் சொல் கேட்கப்படாமைக்குப் பொறுப்பு அவருடையது மட்டுந்தானா?

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். அவற்றுள் டச்சு விமானத்தின் தலைமை விமானி, பிறருக்குப் பயிற்சியளிக்கும் தகுதி பெற்ற மூத்தவர். அவர் புறப்படும் அனுமதி பெறாமலே விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். வானொலி உரையாடலைக் கேட்ட விமானப் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. மற்ற விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என வினவினார். விலகிவிட்டது எனத் தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அத்துடன் முடிந்தது. சில நொடிகளில் விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டனர்.

அப்பொறியாளர் பேசாதிருக்கவில்லை, தம் அச்சத்தைக் கேள்வியாக்கிப் பேசினார். கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் பேசும் மொழி அதுதானே! அது பணிவானது, ஆனால் தள்ளிவிட எளிதானது.

இவ்விபத்தும் பிற விபத்துகளும் விமானத் துறையைச் சிந்திக்க வைத்தன. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் விமானக் குழுவினருக்குப் புதியதொரு பயிற்சியைத் தொடங்கியது. நாளடைவில் அத்தகைய பயிற்சி உலகெங்கும் பரவியது. அதில் இளையவர் தம் ஐயத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்றனர். மூத்தவரோ அதைக் கேட்கக் கற்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இதே அக்கறையைக் காண்கிறோம். கத்தி வைக்குமுன் மருத்துவர், செவிலியர் என அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது அது. தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவர், பின்னர் ஆபத்தைக் காணும்போது வாய் திறக்கத் தயங்கமாட்டார் அன்றோ?

திருக்குறளின் அமைப்பும் இங்கு எண்ணத்தக்கது. ‘சொல்வன்மை’ என்னும் அதிகாரம் அமைச்சியலில் உள்ளது. ‘கேள்வி’ என்னும் அதிகாரமோ அரசியலில், அரசனுக்குரிய பண்புகளுள் இடம் பெறுகிறது. எடுத்துரைக்கும் திறன் அமைச்சனுக்கு வேண்டும். செவிகொடுக்கும் பண்பு ஆள்பவனுக்கு வேண்டும்.

சொல்பவருக்கும் கடமை உண்டு. கண்டதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். உயிரோ நீதியோ இடருறும்போது, மறுக்கப்பட்டாலும் மீண்டும் சொல்ல வேண்டும். ஆயினும் பேசுவதால் தம் பிழைப்பையே இழக்கக்கூடியவரிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்ப்பது அறமாகாது. அச்சமின்றிப் பேசும் சூழலை உண்டாக்குவது அதிகாரம் பெற்றவரின் கடன்.

நம்மில் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் எழுத்தர், மற்றோரிடத்தில் மேலாளர். அலுவலகத்தில் தம் சொல் எடுபடவில்லையே என வருந்துபவர், வீட்டில் பணிப்பெண்ணின் சொல்லைப் பாதியில் வெட்டுவதும் உண்டு. நம் சொல் கேட்கப்படாத நாளில், நம் முன்னே எவர் சொல் கேட்கப்படாமற் போயிற்று என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.