கெட்டிக்காரப் பிள்ளை ஓர் அமானத்

சில பிள்ளைகள் பாடத்தைக் கேட்டவுடனேயே பிடித்துக் கொள்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். "வகுப்பில் முதலாவதாக வருகிறானே, அது போதும்" என்று நாமும் நிம்மதியடைந்து விடுகிறோம்.

போதாது, பெற்றோர்களே! உழைக்காமலே முதலாவதாக வந்து பழகிய பிள்ளை, கடினமான பாடம் வரும் நாளில் திகைத்து நிற்கும். அறிவு அல்லாஹ் தந்த அமானத். அதைத் துருப்பிடிக்க விடலாமா?

நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் வந்தபோது ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு 11 வயது. அப்போதே பல சூராக்களை மனனம் செய்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை மெச்சியதோடு நிறுத்தவில்லை. யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அரை மாதத்திற்குள் கற்று, கடிதங்களை எழுதவும் படித்துக் காட்டவும் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்று திரட்டும் பணியை இவர்களிடமே ஒப்படைத்தார்கள். மலையைப் பெயர்ப்பதை விடப் பாரமாகத் தோன்றிய அப்பணியை அவர்கள் செய்து முடித்தார்கள்.

ஆகவே ஆசிரியரிடம் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காதீர்கள். "பாடம் முடிந்தபின் என் பிள்ளை என்ன செய்கிறது?" என்றும் கேளுங்கள். மக்தப் உஸ்தாதிடம் சொல்லி, ஓதிய சூராவின் பொருளையும் கற்பிக்கச் செய்யுங்கள். தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை ஒப்படையுங்கள். ஆனால் விளையாட்டைப் பறிக்காதீர்கள். விருந்தினர் முன் நிறுத்திப் புகழாதீர்கள். சுமை கொடுப்பது பயன்படுவதற்காக; பெருமையடிப்பதற்காக அல்ல.

நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.