சாதி நீங்கலாக

எஸ்.க்யூ.எல்.லில் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் டேபிளின் எல்லாப் பத்திகளும் வந்துவிடும். 40 பத்திகளில் ஒன்று மட்டும் வேண்டாம் என்றால், மிச்சம் 39-ஐயும் உட்கார்ந்து எழுத வேண்டும். 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் ஐ.பி.எம்.மிலிருந்து அறிமுகப்படுத்திய மொழி இது. ‘இது நீங்கலாக’ என்று சொல்லும் வசதியைப் பிற்பாடு சிலர் சேர்த்தார்கள். கூகுளின் பிக்குவெரி ‘எக்ஸெப்ட்’ என்றது. ஆனால் அந்தச் சொல்லுக்கு மொழியில் ஏற்கெனவே வேறு வேலை இருந்தது, ஒரு விடையிலிருந்து இன்னொன்றைக் கழிப்பது. ஸ்னோஃப்ளேக்கும் டக்டிபியும் ‘எக்ஸ்க்ளூட்’ என்றன.

பெருங்குடியில் எங்கள் டீமில் இதை வைத்து ஒரு வாக்குவாதம். மாணவர் விவரங்களை வெளியாருக்குத் தர வேண்டும், சாதிப் பத்தி போகக்கூடாது. “எக்ஸ்க்ளூட் போடு, ஒரே வரி, முடிஞ்சுது” என்றான் நண்பன். நாளைக்கே யாராவது ‘உட்பிரிவு’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தால் அது சத்தமில்லாமல் வெளியே போய்விடுமே என்றேன். வேண்டியதை மட்டும் பட்டியலிட்டால் புதிதாக வருவது வாசலிலேயே நிற்கும். “சரி, ஆனா உன் பட்டியலைப் பாக்கிறவனுக்கு சாதின்னு ஒரு பத்தி இருந்ததே தெரியாதே” என்றான் அவன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்த ‘நீங்கலாக’வைத் தமிழ்நாடு முன்பே எழுதிப் பார்த்திருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதற்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனின் பெயரில்தான் தி.நகர் பாண்டி பஜார். அது அவரவர் தம் பெயரிலிருந்து தாமே எடுத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதையே தெருப்பலகைகளில் அரசு செய்தபோது, அதே தி.நகரில் டாக்டர் நாயர் சாலை ‘டாக்டர் சாலை’ ஆனது. எந்த டாக்டர்? நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயர்! சாதியை எடுக்கப் போய் ஆளையே எடுத்துவிட்டார்கள்.

பலகையில் எடுப்பது வேறு, டேபிளிலேயே எடுப்பது வேறு. சுதந்திர இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1951-இலிருந்து பட்டியல் சாதி, பழங்குடியினர் தவிர மற்றவர்களின் சாதியை எண்ணவில்லை. மண்டல் கமிஷன் பிற்படுத்தப்பட்டோரைக் கணக்கிட 1931-ஆம் வருடத்து எண்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பத்தி இல்லாததால் சாதி போய்விடவில்லை. யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்கும் வழிதான் போனது.

அதனால்தான் எக்ஸ்க்ளூட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மறைப்பதை அது பெயர் சொல்லி மறைக்கிறது. ‘சாதி’ என்பதை ‘ஜாதி’ என்று தட்டிவிட்டால், அப்படியொரு பத்தி இல்லை என்று டக்டிபி பிழை காட்டி நின்றுவிடும். பேசாமல் கடந்துபோயிருந்தால் எல்லாமே வெளியே போயிருக்கும்.

கடைசியில் பட்டியல்தான் எழுதினோம். மேலே ஒரு குறிப்பில் எதையெல்லாம் தரவில்லை என்றும் போட்டோம். எழுதும்போது தந்தை பெயரில் வந்து நின்றோம், எடுத்தோம். தெருப்பெயர். எங்க ஊர்ல எந்தத் தெருன்னு சொன்னா போதும், மிச்சத்தை அவங்களே சொல்லிடுவாங்க என்றான் நண்பன். அதையும் எடுத்தோம். பின்கோடு மட்டும் இருக்கிறது. அது இருக்கலாமா என்று இன்னும் பேசி முடியவில்லை.