ஒன்றும் ஒன்றும் ஒன்றரை!

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று என் வகுப்புச் சிறுவர்க்குக் கற்பிக்கிறேன். தவறிச் சொல்லும் பிள்ளையை மறுபடியும் விரல்விட்டு எண்ணச் சொல்கிறேன். செல்வம் கொழிக்கும் அமெரிக்க அரசோ, ஒன்றும் ஒன்றும் ஒன்றரை என்கிறது. அரை நூற்றாண்டாக அதையே சொல்லி வருகிறது. அதற்கு விரல்விட்டு எண்ணக் கற்பிப்பார் யார்?

கணக்கைப் பாருங்கள். வருவாயற்ற முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை வழங்க, 1972-இல் அங்கே சட்டம் செய்தனர். 1974-இல் அது நடைமுறைக்கு வந்தபோது தனி ஆளுக்கு 140 டாலர். கணவன் மனைவி இருவர்க்கும் சேர்த்து 280 அல்ல, 210! 2025-இல் தனி ஆளுக்கு 967, தம்பதிக்கு 1,450. தொகை வளர்ந்தது, ஒன்றரை மட்டும் வளரவில்லை!

"ஒரே கூரை, ஒரே அடுப்பு, இருவர் சேர்ந்தால் செலவு குறையாதா?" என்பர். நேர்மையான கேள்விதான், ஒதுக்கித் தள்ளமாட்டேன். வாடகை குறையும், விளக்குச் செலவு குறையும். ஆனால் அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துண்டு, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தால், இருவரும் தனித்தனியே முழுத்தொகைக்கு உரியவர்! நண்பர் இருவருக்கும் அப்படியே. ஆக, அடுப்பு ஒன்றானதற்காக அன்று, மோதிரம் மாற்றியதற்காகவே வெட்டு விழுகிறது. சிக்கனம்தான் காரணமென்றால், சகோதரிகளின் அடுப்பு அரசின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

மணமே வேண்டாம், கூடி வாழ்வோம் என்றாலும் விடுவதில்லை. ஊரார்முன் கணவன் மனைவி என்று காட்டிக்கொண்டால் மணமானவரே என்பது விதி. ஒருவரையொருவர் எப்படி அறிமுகம் செய்கிறீர்கள் என்றுகூடப் படிவம் கேட்கிறது. 'தோழி' என்றால் முழுச்சோறு. 'மனைவி' என்றால் கால்பங்கு குறைவு!

ஊதியம் பெறுபவரை மணந்தாலோ நிலை இன்னும் கொடிது. அவர் ஊதியத்தில் ஒரு பகுதி இவருடைய வருமானமாகவே எண்ணப்படும். உதவித்தொகை தேயும், தேய்ந்து அற்றும் போகும். பல மாநிலங்களில் ஏழையரின் மருத்துவ உதவியும் அத்தொகையோடு பிணைந்தே நிற்கிறது. படுக்கையிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிடும் பணியாளுக்குக் கூலி தருவது அந்த உதவிதான். தனியார் காப்பீடு பெரும்பாலும் தருவதில்லை. அதுவும் போனால்? நேற்றுவரை காதலன், இன்று கூலியில்லாச் செவிலி. அவளோ, நேற்றுவரை உரிமை பெற்ற குடிமகள், இன்று கணவன் கைபார்த்து நிற்பவள். அவன் கொடியவனாக மாறினால், வீட்டைவிட்டு வெளியேற அவள் கையில் வண்டிச்சத்தமேனும் இருக்குமா? உதவி ஆளுக்கு உரியதா, அவர் மணந்தவருக்கு உரியதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. ஆளுக்கே என்பேன்; மணம் முடித்த மறுநாள் கால்கள் நடக்கத் தொடங்கிவிடுவதில்லையே!

நீதிமன்றம் என்ன சொன்னது? இறந்த தந்தையின் கணக்கில் வேறொரு திட்டப்படி உதவி பெற்றுவந்த ஒருவர், பிறவியிலேயே பெருமூளை வாதமுற்றவர், 1970-இல் தம்மைப்போன்றே வாதமுற்ற பெண்ணை மணந்தார். அப்பெண் அதே சட்டத்தின்கீழ் உதவி பெறுபவர் அல்லர். ஆகவே இவர் தொகை நிறுத்தப்பட்டது. 1977-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதைச் சரி என்றது. மணமானவர் பெற்றோரைச் சார்ந்திருக்கமாட்டார் என்று கருதுவது பொருத்தமாம்! அந்த இணையர் வேறு யாரைச் சார்ந்திருப்பர் என்று நீதிபதிகள் எண்ணினரோ!

பதிவேட்டில் கையெழுத்திடாமல், சுற்றத்தார் முன்னிலையில் உறுதிமொழி மட்டும் சொல்லிக்கொள்ளும் இணையர் அங்கே உண்டு. விருந்தும் உண்டு, வாழ்த்தும் உண்டு. மறுநாள் அலுவலகத்தில் அவர்கள் 'என் மனைவி' என்று வாயெடுத்து, 'என் தோழி' என்று முடிக்கவேண்டியிருக்கிறது.