கரையும் பொருளும் உடலின் எல்லையும்

முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் உலோகத் திருகைப் பின்னாளில் எடுக்க மற்றோர் அறுவை தேவைப்படலாம் என்பதால், வேலை முடிந்ததும் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் பாலிகிளைகாலைடு, பாலிலாக்டைடு போன்ற பல்லுறுப்பிகள், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட சேர்மங்கள், எலும்பு மருத்துவத்தில் இடம்பெற்றன. ஆனால் 1980களில் ஹெல்சின்கியில் பாலிகிளைகாலைடு தண்டுகள் பொருத்தப்பட்டோரில் சிலருக்கு, எலும்பு கூடிவரும் வேளையில், தழும்பின்மேல் வீக்கம் எழுந்து உடைந்து, கிருமியே இல்லாத நீர் வடிந்தது. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தண்டின் துகள்களை விழுங்க முனைந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாகத் திரண்டிருந்தன.

இதை ஒவ்வாமை என்பது பேச்சுவழக்கு, அது துல்லியமன்று. முன்பே அறிந்த பொருளை மீண்டும் எதிர்கொள்ளும் நோய் எதிர்ப்பு மண்டலம் காட்டும் மிகைச் சினமே ஒவ்வாமை. மாட்டுக் கொலாஜன் புரதத்துக்கு அது நேர்வதுண்டு. பல்லுறுப்பிகளுக்கு நேர்வதோ பெரும்பாலும் முன்னறிவு வேண்டாத அயற்பொருள் எதிர்வினையாகும்.

மெய்யியல் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நோயெதிர்ப்பியலாளர் மக்ஃபார்லேன் பர்னெட் வகுத்த கொள்கைப்படி, உடல் 'தன்'னை விட்டுவைத்துப் 'பிற'வற்றைத் தாக்குகிறது. எனினும் பாலிலாக்டைடு சிதைந்து தரும் லாக்டிக் அமிலம், ஓடுபவரின் தசை தானே உண்டாக்குவது. அதே சமயம், தந்தையின் மரபணுவில் பாதியைச் சுமக்கும் கருவைத் தாயின் உடல் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே தன்மையும் அயன்மையும் பொருளிலேயே பொறிக்கப்பட்டவை எனல் பொருந்தாது. நோயெதிர்ப்பியலாளர் பாலி மேட்சிங்கர் 1994இல், சிதைவுற்ற அணுக்கள் எழுப்பும் ஆபத்துக் குறியே எதிர்வினையைத் தூண்டுகிறது என்றார்; தாமஸ் பிரதோ என்னும் பிரெஞ்சு மெய்யியலாளரோ, எதிர்கொள்ளப்படும் மூலக்கூறுகளில் திடீரென நிகழும் மாற்றத்தையே அளவுகோலாக்கினார். பிந்தையதே இவ்விடத்துக்கு மிகுதியும் ஏற்கிறது. ஏனெனில் கழிவை அகற்றும் திசுவின் திறனை விஞ்சிக் குவியும்போதுதான் பழகிய அமிலமும் தொல்லையாகிறது.

அப்படியாயின் மெல்லக் கரையும் பொருள் பகையின்றி மறைய வேண்டும். கன்ன எலும்பில் பாலிலாக்டைடு தகடு பொருத்தப்பட்ட சிலருக்கு மூன்றாண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னரே வீக்கம் தோன்றியது, இக்கொள்கைக்கு முதற்பார்வையில் முரணாகத் தெரியும். ஆயினும் முழுத்தகடாக இருந்தவரை விழுங்க முடியாத பொருள், எளிதில் கரையாத படிகத் துகள்களாக உடைந்த பிறகே அணுக்களின் பிடிக்குள் வந்தது என்பதை எண்ணினால் அம்முரண் நீங்கும். அறுவை நடந்த நாளில் தகடு உடலுக்குள் நுழைந்தது. அயலாக அது வந்து சேர்ந்ததோ மூன்றாண்டு கழித்துத்தான்.