வேட்கையும் நுகர்ச்சியும்



ஒருவன் ஒரு பொருளை விரும்புவதற்குக் காரணம் யாதென வினவினால், அது தரும் இன்பமே காரணம் என்று விடை கூறுவோம். இன்பம் பயப்பதை நாடுதலும் துன்பம் பயப்பதை அகலுதலும் உயிர்க்கு இயல்பென்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின் குடிக்கு அடிமைப்பட்ட ஒருவனை உற்று நோக்குமிடத்து இவ்விடை அமைவுடையதாகத் தோன்றவில்லை. அவன் பொருளை இழந்தான். மனைவி மக்களின் அன்பை இழந்தான். உடல் நலத்தை இழந்தான். ஈற்றிலே குடியினால் முன்பெற்ற களிப்பையும் இழந்தான். "இதில் எனக்கு ஓர் இன்பமும் இல்லை" என்று தன் வாயாலேயே கூறுகின்றான். கூறிய அன்றைக்கே பொழுது சாயுமுன் அவன் கால்கள் மதுக்கடையை நோக்கி நடக்கின்றன. இன்பமே வேட்கைக்குக் காரணமாயின், இன்பம் ஒழிந்த பின்னும் வேட்கை ஒழியாமை என்னை? இவ்வினாவுக்கு இக்காலத்து மூளையாராய்ச்சி கூறும் விடையையும், அதனுட் சைவ சித்தாந்தம் கற்பார் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கனடா நாட்டு மான்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் 1954-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். எலியின் மூளையினுள்ளே நுண்ணிய கம்பியைச் செலுத்தி, அதன்வழியே மெல்லிய மின்னோட்டத்தைப் பாய்ச்சினர். எவ்விடத்தில் அம்மின் பாய்ந்ததோ அவ்விடத்திற்கே எலி மீண்டும் மீண்டும் வந்தது. பின்பு, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின் பாயுமாறு அமைத்தபோது, எலி அதனை ஓயாது அழுத்திற்று. மூளையின் சில பகுதிகளிற் கம்பி பொருந்திய எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தின. பின்வந்த ஆராய்ச்சிகளில், உணவும் நெம்புகோலும் ஒருங்கே கிடைத்த சிறுபொழுதில், உணவை விடுத்து நெம்புகோலையே பற்றிப் பட்டினியால் மெலிந்தனவும் உள. இவ்விடங்களை இன்ப நிலையங்கள் என அக்காலத்தார் வழங்கினர்.

1957-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் மற்றொன்று கண்டார். நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் சர்ப்பகந்தி வேரினின்று எடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குச் செலுத்தியபோது அவை அசைவற்றுக் கிடந்தன. மூளையில் டோபமைன் என்னும் பொருளாக மாறவல்ல மற்றொரு மருந்தைச் செலுத்தியவுடன் அவை எழுந்து நடமாடின. டோபமைன் என்பது ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவுக்குச் செய்தி விடுக்குங் கருவியாகும் என்பது இதனால் வலியுற்றது. இவ்வழியிற் செய்த ஆராய்ச்சிகளுக்காகக் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். நடுமூளையிலுள்ள ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்கள் முன்மூளையின் அடிப்பகுதிக்கு டோபமைனை விடுக்கின்றன. ஓல்ட்ஸின் எலிகள் மின்னைத் தேடி ஓடியதற்கு இவ்வழி பெருங்காரணமாகும் எனப் பின்னர் அறிந்தனர்.

இதுகாறும் கூறியவற்றால் டோபமைனே இன்பம் என்று ஒருவர் கருதக்கூடும். செய்தித்தாள்கள் இன்றும் அவ்வாறே எழுதுகின்றன. அது பொருந்தாது. அஃதெங்ஙனமெனிற் கூறுதும்.

உல்ப்ராம் ஷுல்ட்ஸ் என்பார் குரங்குகளின் மூளையில் இவ்வணுக்களின் துடிப்பை அளந்தார். குரங்கின் வாயிற் பழச்சாறு எதிர்பாராது விழுந்தபோது அணுக்கள் மிகத் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு ஒளிரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பின்னரோ, விளக்கு ஒளிர்ந்தபோது துடித்தன; சாறு வந்தபோது வாளாவிருந்தன. விளக்கு ஒளிர்ந்தும் சாறு வாராதாயின், வரவேண்டிய அந்நொடியில் இயல்பாகவுள்ள துடிப்பும் தாழ்ந்தது. ஆகவே இவ்வணுக்கள் இன்பத்தை அளப்பன அல்ல. எதிர்பார்த்ததற்கும் எய்தியதற்கும் உள்ள வேறுபாட்டை அளப்பன. இக்கருத்து 1997-ஆம் ஆண்டில் விளக்கமாக வெளியிடப்பட்டது.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கெண்ட் பெரிட்ஜ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இதனை மேலும் தெளிவாக்கினர். டோபமைன் அணுக்கள் ஏறக்குறைய முற்றும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக உண்ணா. முன்னே உணவிருப்பினும் நாடா. பிறர் ஊட்டாவிடின் இறந்துபடும். ஆயினும் அவற்றின் நாவிற் சர்க்கரை நீரை விட்டால், பிற எலிகளைப் போலவே சுவைத்து மகிழ்ந்த குறியை முகத்திற் காட்டின. நுகர்ச்சி உண்டு, வேட்கை இல்லை. மறுதலையாக, டோபமைன் மிகும்படி செய்யப்பட்ட எலிகள் இனிப்பை மிகுதியாக நாடின. சுவைத்தபோது மிகுதியாக மகிழ்ந்தில. வேட்கை மிகுந்தது, நுகர்ச்சி மிகவில்லை. ஆதலின் வேட்கையும் நுகர்ச்சியும் ஒன்றல்ல. மூளையில் அவற்றிற்கு வாயில்களும் வெவ்வேறு.

இனி நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை எளிதிற் பெறப்படும். உணவு முதலிய இயல்பான பொருள்கள் எதிர்பார்த்தவாறே கிடைக்குங்கால் அணுக்கள் அடங்கிவிடுகின்றன. கொக்கெயின், அபினியின் வழிவந்த ஹெராயின், புகையிலையின் நிக்கோட்டின், மது என்னும் இவையோ, ஒவ்வொன்றும் தனக்குரிய வழியால், டோபமைனைப் பெருகச் செய்கின்றன. பலகாலும் பழகியவழி, வேட்கையின் வாயில் அப்பொருட்குக் கூர்மையடைகின்றது, நுகர்ச்சியோ மங்கிப்போகின்றது. புட்டி, கடை, உடன் குடித்தோன் முகம் என்னும் குறிகளே வேட்கையை எழுப்பப் போதுமானவை ஆகின்றன. பொறுத்து ஆராயும் முன்மூளையின் அடக்கமும் தளர்கின்றது. இது பற்றியே "இன்பமில்லை" என்று கூறுபவனும் நடக்கின்றான். அவன் கூற்றும் மெய். அவன் நடையும் மெய்.

இனித் தடை விடைகளைக் காண்பாம்.

மூளையிலுள்ள ஒரு பொருள் மிகின் வேட்கை மிகும், குறையின் குறையுமாயின், வேட்பதும் நுகர்வதும் மூளையே. உயிரென வேறொன்று வேண்டப்படாது என்பார்க்கு விடை வருமாறு. கண்ணிற் படலம் மூடினாற் காட்சி மறைகின்றது, நீக்கினால் விளங்குகின்றது. அதனாற் காண்பது கண்ணே என்று துணிவாரிலர். கண் காண்பதற்குக் கருவி என்றே துணிவர். உயிர் உடம்பாகிய கருவியின்றி அறியவும் விழையவும் செய்யவும் மாட்டாது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபாகலின், கருவி பழுதுபட விழைவும் பழுதுபடும் என்னுஞ் செய்தி நமக்குப் புதுமையுமன்று, பகையுமன்று. மேலும், தன் வேட்கையைத் தானே வெறுத்து அழுகின்றவனிடத்து, வேட்கை ஒன்று, அதனைக் கண்டு வருந்தும் அறிவு ஒன்று என இரண்டு தோன்றுகின்றன. காணப்படுவதனின் வேறாய்க் காண்பது யாது என்னும் வினாவை அவன் கண்ணீரே எழுப்புகின்றது. ஆயினும் நடுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். மேற்கூறிய ஆராய்ச்சிகள் உயிரை மறுக்கவுமில்லை, நிறுவவுமில்லை. அவற்றின் எல்லை கருவியளவே. உயிருண்மைக்கு நம் ஆசிரியர் கூறும் ஏதுக்கள் வேறு.

மற்று நம்மவருள் ஆர்வமிக்க சிலர், "வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்றாகிய அராகமே டோபமைன், முன்னோர் இதனை அன்றே கண்டனர்" என்று கூற விரைவர். இதுவும் பொருந்தாது. டோபமைன் பருவுடம்பிற் பிறந்து பருவுடம்போடு அழிவது, அளக்கப்படுவது. அராகமோ அசுத்த மாயையிற் றோன்றிக் கஞ்சுகமாய் உயிரைச் சார்ந்து நிற்பது. பருவுடம்பு வீழ்ந்த வழியும் உடன் செல்வது. இரண்டனையும் ஒன்றாக்குவது சித்தாந்தத்தையும் கெடுக்கும், ஆராய்ச்சியையும் கெடுக்கும். ஆயினும் ஓர் ஒப்புமை நினைக்கத்தக்கது. கலை உயிரின் செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்பும் என வகுத்த நம் முன்னோர், இன்ப துன்ப மயக்கங்களாகப் பொருளைக் காட்டுந் தொழிலை அராகத்திற்குக் கொடாது புத்திக்கே கொடுத்தனர். விழைவிக்குங் கருவி வேறு, நுகர்விக்குங் கருவி வேறு என்னும் இப்பகுப்பை வெறும் எண்ணிக்கை என்று கருதிப் படித்து வந்த மாணாக்கர், குடியால் அழிந்த ஒருவனது வாழ்க்கையில் அதன் பொருளைக் காணலாம்.

வேட்கை இவ்வாறு கருவியின் வழிப்பட்டதாயின் அடிமைப்பட்டவன்மேற் குற்றமில்லையோ என்பது மூன்றாவது தடை. இதுவே நம்மனோர்க்கு மிக வேண்டுவது. பார்க்கின்சன் என்னும் நடுக்குநோய்க்கு டோபமைனைப் போலத் தொழில் செய்யும் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றை உண்டோருட் சிலர், அதுகாறும் சூதாடியறியாதவரும், அடங்காத சூது வேட்கையிற் சிக்கினர். மருந்தைக் குறைத்தபின் அவருட் பலர் அதனின்று நீங்கினர். இவரைத் தீயரென்று இகழ்வார் யார்? ஆகவே எழுந்த வேட்கையின் வன்மையை வைத்து ஒருவனது உள்ளத்தின் நன்மை தீமையை அளத்தல் முறையன்று.

அற்றேல் அவன் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. வேட்கை கொழுந்துவிட்ட நொடியில் அவன் வலிமை சிறிது. அதற்கு முன்னர், எவ்வழியே நடப்பது, யாரோடு இருப்பது என்று தேரும் பொழுதில் அவன் வலிமை பெரிது. முயற்சி செல்லவேண்டுவது அங்கே. வியட்நாம் போரிலிருந்து 1971-ஆம் ஆண்டில் மீண்ட அமெரிக்கப் போர்வீரரை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலியவற்றிற்கு அடிமைப்பட்டிருந்தனர். அவ்வடிமைப்பட்டோருள், தாயகம் மீண்ட முதலாண்டில் மறுபடியும் அடிமைப்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே. இடமும் துணையும் குறிகளும் மாறியபோது பிணிப்பும் பெரும்பாலார்க்கு நெகிழ்ந்தது. உயிர் சார்ந்ததன் தன்மையைத் தானும் எய்தும் என்னும் உண்மைக்கு இது கண்கூடான சான்றன்றோ?

இதனினும் உள்ளத்தைத் தொடுவது 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி. போதைப் பொருளுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு புறம் அப்பொருளும் மறுபுறம் தம்மினத்துத் துணையும் வைத்து, இரண்டில் ஒன்றைத் தேரச் செய்தனர். மிகப் பழகிய எலிகளும் பெரும்பாலும் துணையையே தேர்ந்தன. ஆனால் துணை காலந்தாழ்த்து வந்தபோதும், துணையை அடைதற்குத் தண்டனையும் உடன் வைக்கப்பட்டபோதும், அவை துணையை விட்டு மீண்டும் போதையின் பக்கம் சாய்ந்தன.

அன்பர்களே, இச்செய்தியை எலியளவில் நிறுத்திவிடாது நம் வாயிற்படிவரையிற் கொண்டுவருக. குடியை விட்டு நான்கு நாளான ஒருவன் திருக்கோயிலின் திருமுறை ஓதுங் கூட்டத்தில் வந்து கடைசி வரிசையில் அமர்கின்றான். அவனைக் கண்டு ஒருவர் முகத்தைத் திருப்புகின்றார். ஒருவர் அவன் பழங்கதையை அருகிலிருப்பார் காதில் ஓதுகின்றார். மற்றொருவர், "முதலில் முற்றும் திருந்தட்டும், பின்னர்ப் பார்க்கலாம்" என்கின்றார். முதலிருவர் கொடுத்தது தண்டனை. மூன்றாமவர் கொடுத்தது காலத்தாழ்ப்பு. இவ்விரண்டும் அவனை எங்கே திருப்பி அனுப்பும் என்பதை மேலே கண்டோம். அடியார் இணக்கத்தை வீட்டுநெறிக்குத் துணையென நாம் ஓதுகின்றோம். அவ்விணக்கம் வேண்டுவது நோயுற்றவனுக்கோ, நோயில்லாதவனுக்கோ? விட்ட புதிதில் வேட்கை தணியாது, சில கிழமைகள் குறிகளைக் காணுந்தோறும் முன்னையினும் மிக எழுதலும் உண்டென 2001 முதலாக எலிகளில் அறிந்திருக்கின்றனர். ஆதலின் முதற்கிழமையில் அவன் வழுவினால் அதனைப் பொய்ம்மை என்று துணியாதிருப்போமாக. மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லுதல் பத்திக்குக் குறைவென்றும் எண்ணற்க. கருவிக்குற்றத்தைக் கருவியறிந்தோர் தீர்ப்பது இறைவன் வகுத்த முறையே.

நம்மையும் நாம் நோக்குதல் வேண்டும். மதுவை அறியாதோரெல்லாம் வேட்கையினின்று நீங்கினோரல்லர். சொற்பொழிவின் ஈற்றிற் புகழுரை வருமோ என்று எதிர்பார்த்தலும், வாராதவழி உள்ளந் தாழ்தலும், ஷுல்ட்ஸின் குரங்கிற்கு விளக்கு ஒளிர்ந்தும் சாறு வாராத நிலையே. கைப்பேசியை எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லையென வைத்து, உடனே மீண்டும் எடுப்பவர் நுகர்வது யாது? நுகர்ச்சியின்றி வேட்கை மாத்திரையாய் நிற்கும் நிலையை அவரும் அறிவார். பொருள் சிறிதாகலின் அழிவு சிறிது, கட்டு ஒன்றே. இதனை உணர்ந்தவர் குடியனைக் கீழ்நோக்கிப் பாரார். தம்மோடு ஒரே கயிற்றாற் கட்டுண்ட ஒருவனாகவே பார்ப்பர்.

வேட்கை கருவியால் எழுவது, உயிரின் சொரூபமன்று. சொரூபமன்றாகலின் அது நீங்கற்பாலது. நீங்குதற்கு உயிர் தன் முயற்சி மாத்திரையால் அமையாது; சார்தற்குரிய மேலான துணை வேண்டும். எல்லார்க்கும் மேலான அத்துணை இறைவனே. அவன் திருவருள் ஒருவனை வந்தடையும் வழிகளுள் ஒன்று, அவன் அருகில் இடம்விட்டு அமரும் ஓர் அடியாரின் அன்பு. அவ்வழியை நாம் அடைத்து நில்லாதிருக்க அவ்வருளே நமக்குத் துணைசெய்க.

சிவம்.